முந்திய விண்ணப்பமும் பௌதிக மாணாக்கரும்

ஐக்கிய அமெரிக்காவின் பெரிய சர்வகலாசாலைகளில் இடம் நாடும் மாணாக்கருக்கு ஆண்டுதோறும் நவம்பர் மாதம் 1ந் தேதி ஒரு சோதனை நாளாக வந்து நிற்கிறது. சாதாரண விண்ணப்பங்களுக்கு ஜனவரித் தொடக்கம் வரை அநேகமாக அவகாசம் உண்டு. முந்தி விண்ணப்பிப்போருக்கோ டிசம்பர் நடுவிலேயே முடிவு தெரிந்துவிடும். பௌதிக சாஸ்திரம் பயில விரும்பும் பிள்ளைகளும் அவர்தம் பெற்றோரும் இம்முறையின் உள்ளும் புறமும் ஆராயாமல் கையொப்பமிடலாகாது என்பது நமது அபிப்பிராயம்.

முந்திய விண்ணப்பம் இருவகைப்படும். ‘எர்லி ஆக்ஷன்’ என்பதில் இடம் கிடைத்தாலும் மாணாக்கர் கட்டுப்பட்டவரல்லர். மே மாதம் 1ந் தேதி வரை யோசித்து விடை சொல்லலாம். ‘எர்லி டிஸிஷன்’ என்பதோ, இடம் தந்தால் வந்தே தீருவேன் என்று முன்னதாகவே வாக்களிப்பது. அவ்வாக்கில் மாணாக்கர், பெற்றோர், பள்ளியின் ஆலோசகர் ஆகிய மூவரும் கையொப்பமிடுகின்றனர். மைனர் செய்த ஒப்பந்தம் செல்லாது என்று மோஹரி பீபி வழக்கில் பிரிவி கவுன்ஸில் 1903ல் தீர்ப்பளித்தது நம் வக்கீல் நண்பர்களுக்குப் பாலபாடம். பதினேழு வயதுப் பிள்ளையின் இந்த வாக்கும் கோர்ட்டைவிட மானத்தையே அதிகம் நம்பி நிற்கிறது. அதனாலேயே அதை இலேசாக எண்ணிவிடக் கூடாது. கொடுத்த வாக்கைச் சட்டத்தின் சந்தில் நுழைந்து உதறுவது நல்லோர் செயலன்று.

இவ்வாக்கில் வசதியடைவோர் யார்? இரண்டாவது கடையில் விலை கேளாமலே ஜவுளி வாங்கக்கூடியவர்களே. உபகாரத் தொகை போதாவிடின் விடுவித்துக்கொள்ளலாம் என்ற விதி உண்டு. ஆயினும் நான்கு சர்வகலாசாலைகள் தரும் தொகைகளை அருகருகே வைத்து ஒப்பிடும் உரிமை போய்விடுகிறது. பென்சில்வேனியா சர்வகலாசாலை தன் புதிய வகுப்பில் ஏறக்குறையப் பாதியை இவ்வழியிலேயே நிரப்பி வந்திருக்கிறது. எஞ்சிய பாதிக்கே மற்றை எல்லோரும் போட்டியிட வேண்டும்! இம்முறை வசதியுள்ளோருக்கே சாதகமென்று கண்டு, ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் 2006ல் முந்திய விண்ணப்பத்தையே நிறுத்துவதாக அறிவித்தன. மற்றவை பின்பற்றாமையால் 2011ல் இரண்டும் அதற்கே திரும்பின. எனினும் வாக்குறுதி கேளாத வகையையே மேற்கொண்டன. 2025 ஆகஸ்டில் எர்லி டிஸிஷன் முறையை எதிர்த்துப் பல கல்லூரிகள்மீது பாஸ்டன் நகரக் கோர்ட்டில் வழக்கும் தொடரப்பட்டது. வழக்குக்கு முன்பே தாமாக அதைக் கைவிடுவதே அந்த ஸ்தாபனங்களுக்குக் கௌரவமாயிருந்திருக்கும்.

பௌதிகத்துக்கென்று ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் பௌதிகமும் கால்குலஸும் கடைசி ஆண்டில்தான் வருகின்றன; சில பள்ளிகளில் அவை வருவதேயில்லை. கால்குலஸோடு கூடிய உயர்தரப் பௌதிகப் பரீக்ஷையோ மே மாதத்தில் நடப்பது. ஆகவே நவம்பரில் விண்ணப்பிக்கும் மாணாக்கர், தாம் விரும்பும் சாஸ்திரத்தில் காட்ட ஒரு மார்க்குமில்லாமலே நிற்க நேரும். பத்தாம் வகுப்பிலேயே கால்குலஸ் கற்பிக்கும் செல்வப் பள்ளியின் பிள்ளைக்கு இக்குறையில்லை. நம் நாட்டுப் பிள்ளைகள் 11ம் வகுப்பிலேயே பௌதிகத்தைத் தனிப்பாடமாகப் படித்துவிடுகின்றனர். ஆனால் 11ஐ ஒதுக்கிவிட்டு 12க்கே பாடுபடும் துர்வழக்கம் நம் பள்ளிகள் பலவற்றில் உண்டு. நவம்பரில் அமெரிக்கர் கேட்பதோ அந்த 11ம் வகுப்பு மார்க்கைத்தான்!

படிவத்தில் ‘பௌதிகம்’ என்று எழுதுவதால் தனிச் சலுகை கிட்டும் என்று சிலர் எண்ணுகின்றனர். ஹார்வர்டு, பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. ஆகியவை பாடப் பிரிவு பார்த்து இடம் தருவதில்லை. உள்ளே சென்று ஓராண்டோ இரண்டாண்டோ கழித்தே மாணாக்கர் தம் பிரிவைத் தேர்கின்றனர். கார்னெல் வேறு விதம்: கலை-விஞ்ஞானக் கல்லூரியில் பௌதிகமும், எஞ்சினீயரிங் கல்லூரியில் பிரயோக பௌதிகமும் இருப்பதால், எந்த வாசலில் தட்டுவது என்பதை விண்ணப்பிக்கும்போதே தீர்மானிக்க வேண்டும். அதுவும் எர்லி டிஸிஷன் ஸ்தாபனம் என்பதை மறக்கலாகாது.

பணக் கவலையுள்ள குடும்பத்துக்கு எம்.ஐ.டி.யின் எர்லி ஆக்ஷன் வழியே உகந்தது என்போம். அங்கே அயல்நாட்டாருக்கும் பணநிலை பாராமலே இடம் தருகின்றனர்; வேறிடங்களிலும் விண்ணப்பிக்கத் தடையில்லை. கலிபோர்னியாச் சர்வகலாசாலையிலோ முந்துவது, பிந்துவது என்ற பேதமே கிடையாது. யாவருக்கும் நவம்பர் இறுதியே கெடு. பெயர்மோகமும் அளவோடு இருக்கட்டும்: 1997ல் பௌதிக நோபல் பரிசில் பங்குபெற்ற வில்லியம் பிலிப்ஸ் இளங்கலை பயின்றது பென்சில்வேனியா மாகாணத்து ஜூனியாட்டா என்னும் சிறு கல்லூரியில்.

டிசம்பரில் ‘ஒத்திவைத்தோம்’ என்று பதில் வந்தோர் சும்மா இருந்துவிட வேண்டாம். அவர்களுடைய விண்ணப்பம் பொதுக் குவியலோடு மறுபடியும் பார்க்கப்படும். ஆண்டின் நடுவில் பள்ளி அனுப்பும் மார்க்குப் பத்திரம் அப்போது கூடவே சேரும். அதில் பௌதிகமும் இருக்கும்.