கைமாற்றுக்கும் கெடு உண்டு

திருவனந்தபுரத்தில் பிழைக்க வந்த நம்மவர்களிடையே கைமாற்று புதிதல்ல. சாலைக் கடைத்தெருவில் மூட்டை இறக்குபவர் முதல் ஆபீஸ் குமாஸ்தா வரை மாதக் கடைசியில் ஒருவர் கையை ஒருவர் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது. சொந்தபந்தமெல்லாம் ஊரில், இங்கே சிநேகிதர்தான் எல்லாம். அதனால் இல்லையென்று சொல்லவும் வாய் வராது, கொடுத்ததைக் கேட்கவும் வாய் வராது.

வாங்கினவருக்கு இது நன்றாகத் தெரியும். "சம்பளம் வரட்டும்" என்பார். வந்ததும் "ஓணம் போகட்டும்" என்பார். பிறகு பொங்கல். அப்புறம் பழவங்காடிப் பிள்ளையார் கோயில் வாசலில் நம்மைக் கண்டாலும் எதிர்ப்பக்கம் போய்விடுவார். கொடுத்தவர்தான் குற்றவாளி போல் நிற்கிறார். வேடிக்கைதான்!

இப்படிக் கூச்சப்பட்டுக் காத்திருப்போர் ஒன்றைக் கவனிப்பதில்லை. 1963-ஆம் வருஷத்திய காலவரையறைச் சட்டப்படி கடனுக்கு வழக்குப் போட மூன்று வருஷம்தான் கெடு. திருப்பித் தரத் தேதி குறிக்காத பணமானால், கொடுத்த நாளிலிருந்தே கணக்கு ஓடும். கேட்ட நாளிலிருந்து அல்ல. கேட்டவுடன் தருவதாக எழுதிய புரோநோட்டுக்கும் எழுதிய தேதியிலிருந்துதான்.

அந்தக் கெடு முடியுமுன், "இன்ன தொகை தரவேண்டியிருக்கிறது" என்று சிநேகிதர் எழுதிக் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்று வருஷம் கிடைக்கும். வாய்ச்சொல் செல்லாது. நூறு ரூபாய் திருப்பித் தந்தாலும் கெடு புதுப்பிக்கப்படும். ஆனால் தந்ததற்கு அவர் கைப்பட எழுதியோ கையெழுத்திட்டோ இருக்கவேண்டும். ஆகவே, முழுத் தொகையும் கேட்டுச் சண்டை போடுவதைவிட, "மாதம் ஐந்நூறு கொடு, இந்த நோட்டில் எழுதிக் கொடு" என்பது நல்லது. சிநேகமும் முறியாது.

போனில் பணம் அனுப்புகிறவர்கள் பதிவு இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கிறார்கள். பணம் போனதற்குத்தான் அது சாட்சி. கடனாகப் போனதா, சும்மா கொடுத்ததா என்று அது சொல்லாது. அனுப்பும்போதே "கைமாற்று" என்று ஒரு வார்த்தை சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

இன்னொரு வகை சிநேகிதர் பணமே கேட்கமாட்டார், கையெழுத்துத்தான் கேட்பார். 1969-இல் கேரள அரசு தொடங்கிய கே.எஸ்.எஃப்.இ.யில் சிட்டி பிடித்தவர், பணத்தை முன்னதாக எடுக்கச் சம்பளக்காரர் ஜாமீன் தேடுவார். "சும்மா ஒரு கையெழுத்து, அண்ணாச்சி" என்பார். சும்மா அல்ல. 1872-ஆம் வருஷத்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவுப்படி, வேறு விதமாக எழுதிக்கொள்ளாதவரை, ஜாமீன்தாரர் பொறுப்பும் கடன்காரர் பொறுப்பும் ஒன்றே. முதலில் அவரைப் பிடியுங்கள் என்று நாம் சொல்ல முடியாது. அவர் தவணையை நிறுத்தினால் வருவாய் மீட்பு நோட்டீஸ் நம் வாசலுக்கும் வரும். இன்னும் எத்தனை தவணை, மொத்தம் எவ்வளவு என்று கிளையில் கேட்டறிந்த பிறகே பேனாவைத் திறக்கலாம்.