தசை தேடும் இயந்திரத் தேனீ

பழ ஈ நொடிக்கு ஏறத்தாழ 200 முறை இறக்கை அடிக்கிறது. ஆனால் அதன் பறக்கும் தசைக்கு நரம்பிலிருந்து வரும் கட்டளைகள் நொடிக்கு ஐந்து வாக்கில்தான். மிச்ச அடிகளை யார் ஏவுகிறார்கள்?

யாரும் ஏவுவதில்லை. ஈயின் முக்கியத் தசைகள் இறக்கையைத் தொடுவதுகூட இல்லை. மார்புக்கூட்டுக்குள் ஒரு தொகுதி மேலிருந்து கீழாகவும், இன்னொன்று முன்னிருந்து பின்னாகவும் ஓடுகின்றன. முதல் தொகுதி சுருங்கினால் கூட்டின் மேல்தளம் அமுங்கி இறக்கை மேலே போகிறது. இரண்டாவது சுருங்கினால் மேல்தளம் புடைத்து இறக்கை கீழே வருகிறது. ஒன்று சுருங்கும்போது மற்றது இழுபடுகிறது. அப்படி இழுபடுவதே அது சுருங்குவதற்கான தூண்டுதல். நரம்பின் வேலை, ஆடுகிற ஊஞ்சல் நின்றுவிடாமல் அவ்வப்போது ஒரு தள்ளு தள்ளுவது மட்டும். (தும்பி வேறு வகை: அதன் தசைகள் இறக்கையின் அடியையே பிடித்து இழுக்கின்றன. அடியும் மெதுவாகத்தான்.)

பூச்சி அளவில் பறக்கும் இயந்திரம் செய்யக் கிளம்பியவர்களுக்கு இறக்கை பெரிய தலைவலியாக இருக்கவில்லை. மெல்லிய படலமும் கார்பன் இழை நரம்புகளும் போதும். அதை ஆட்டும் உறுப்புதான் ஆளைத் திணறடித்தது.

கொஞ்சம் பெரிய உருவம் என்றால் மோட்டாரே போதும். அமெரிக்காவின் ஏரோவைரன்மென்ட் நிறுவனம் 2011-இல் காட்டிய 19 கிராம் ‘நானோ ஹம்மிங்பேர்ட்’ மோட்டாரில்தான் பறந்தது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் 2018-இல் வந்த ‘டெல்ஃப்ளை நிம்பிள்’ 29 கிராம். நொடிக்கு 17 முறை சிறகடித்தபடி, பழ ஈயைப் போலச் சட்டென்று திரும்பித் தப்பியது. ஆனால் மோட்டாரைச் சுருக்கிக்கொண்டே போக முடியாது. ஒரு பொருளின் நீள, அகல, உயரத்தைப் பத்தில் ஒன்றாக்கினால் எடை ஆயிரத்தில் ஒன்றாகும். மேற்பரப்போ நூறில் ஒன்றாகத்தான் குறையும். பல்சக்கரம், அச்சு, பேரிங் என்று உரசுகிற பரப்பெல்லாம் அதற்கேற்பக் கணக்கில் ஏறிக்கொள்ள, காந்த விசையோ இளைத்துப்போகிறது. ஒரு கிராமுக்குக் கீழே வந்துவிட்டால், சுழலும் மோட்டார் தன் உராய்வைச் சமாளிப்பதிலேயே களைத்துவிடும்.

ஹார்வர்டில் ராபர்ட் உட் குழுவினர் சுழற்சியையே கைவிட்டார்கள். அவர்களது ‘ரோபோபீ’யின் தசை ஒரு பீங்கான் பட்டை. நடுவில் கார்பன் இழை, இருபுறமும் பீசோ மின் பீங்கான். ஒரு புறத்துக்கு மின்னழுத்தம் கொடுத்தால் பட்டை ஒரு பக்கம் வளையும். மறுபுறத்துக்குக் கொடுத்தால் எதிர்ப்பக்கம். விசை தாராளம், வேகமும் தாராளம். ஆனால் நுனி நகர்வது ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதிதான். அதை இறக்கையின் அகன்ற வீச்சாக்க நான்கு துண்டு நெம்பு அமைப்பு ஒன்று நடுவில் நிற்கிறது. இதிலும் கீல் கிடையாது, ஆணி கிடையாது. விறைப்பான கார்பன் துண்டுகளுக்கு இடையே மெல்லிய பாலிமைடு படலம் வளைந்துகொடுக்கிறது. உரசும் இடமே இல்லாததால் மேலே சொன்ன உராய்வுக் கணக்கு இங்கே செல்லாது.

இறக்கையைச் சாய்க்கத் தனி இயக்கியும் வைக்கவில்லை. இறக்கையின் அடியில் இன்னொரு படல மடிப்பு மட்டும் உண்டு. வீச்சு திசை மாறும்போது காற்றின் அழுத்தமும் இறக்கையின் நிலைமமும் சேர்ந்து, தேவையான கோணத்துக்கு அதைத் தாமாகவே திருப்பிவிடுகின்றன. எடையை மில்லிகிராமில் எண்ணுகிற இடத்தில் இப்படிச் சும்மா கிடைக்கும் வேலைக்கு மதிப்பு அதிகம்.

2007-இல் எழும்பிய 60 மில்லிகிராம் மாதிரி, வழிகாட்டும் கம்பிகளைப் பற்றிச் செங்குத்தாக மட்டும் ஏறியது. 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான 80 மில்லிகிராம் ரோபோபீ, நொடிக்கு 120 முறை சிறகடித்து அந்தரத்தில் நின்றது. இடம் வலம் ஒவ்வோர் இறக்கைக்கும் தனித் தசை. ஒரு பக்க வீச்சைக் கூட்டினால் உடல் சரியும். வீச்சின் நடுவிடத்தை முன்னே பின்னே தள்ளினால் தலை தாழும் அல்லது நிமிரும். உதிரிகளை ஒவ்வொன்றாக ஒட்டிச் சலித்த குழு, விரித்தால் எழுந்து நிற்கும் குழந்தைகள் புத்தகத்தின் பாணியில் ஒரே தகட்டில் வெட்டி, மடித்து, தூக்கி நிறுத்தும் முறையையும் உருவாக்கிக்கொண்டது.

சிக்கல் மின்சாரத்தில் வந்தது. இந்தப் பீங்கானுக்கு 200 வோல்ட் அளவில் வேண்டும். சிறு பேட்டரி தருவது நான்கு வோல்ட்டுக்குள். அதைப் பெருக்கும் சுற்றுக்கும் எடை உண்டு. ஆகவே தேனீ மெல்லிய கம்பியில் கட்டுண்டே பறந்தது. 2019-இல் நான்கு இறக்கையும் சூரியத் தகடும் சுமந்து, 259 மில்லிகிராமில், கம்பியின்றி ஒன்று எழுந்தது. பறந்தது ஒரு நொடிக்கும் குறைவு. அதற்கே இயல்பான வெயிலைப்போல் மூன்று மடங்கு ஒளியை விளக்குகள் கொட்ட வேண்டியிருந்தது.

பீங்கானுக்கு இன்னொரு குறையும் உண்டு: சுவரில் மோதினால் விரிசல் விடும். எம்.ஐ.டி.யில் கெவின் சென் குழு அதற்குப் பதில் ரப்பர் போன்ற படலத்தைச் சுருட்டித் தசையாக்கியது. கார்பன் நானோகுழாய் பூசிய இரு பக்கமும் மின்னழுத்தத்தில் ஒன்றையொன்று ஈர்க்க, படலம் மெலிந்து சுருள் நீள்கிறது. அழுத்தம் விலகினால் பழையபடி சுருங்குகிறது. மோதிக்கொண்டாலும் இது விழுந்து உடைவதில்லை. ஊசி குத்திய தசையோடும் பறந்து காட்டியிருக்கிறது. விலை, இன்னும் உயர்ந்த மின்னழுத்தம். சுமார் 10 மைக்ரான் தடிமனில் 20 அடுக்குகளாகப் படலத்தைப் பிரித்த பிறகு தேவை 75 சதவீதம் குறைந்தது. குறைந்தும் 500 வோல்ட் பக்கம்!

2025 ஜனவரியில் அதே குழு ‘சயின்ஸ் ரோபாட்டிக்ஸ்’ இதழில் ஒரு கிராமுக்கும் குறைந்த இயந்திரம் 1,000 நொடி, அதாவது 17 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக, அந்தரத்தில் நின்றதாக எழுதியது. மடிப்புகளும் தசைகளும் அத்தனை நேரம் தாக்குப்பிடித்தன. கம்பி மட்டும் இன்னும் கழலவில்லை. பேட்டரியையும் உணரிகளையும் முதுகில் ஏற்றுவதுதான் குழு அடுத்து வைத்துக்கொண்டிருக்கும் வேலை.