ஆகஸ்டில் போட்ட வரிசை

அமெரிக்கக் கல்லூரிகளில் ஃபுட்பால் என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும், மறிப்பவரை மோதித் தள்ளியும் ஆடுகிற ஆட்டம். மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் உட்கார்ந்து பார்க்கிறார்கள். மேல்மட்டப் பிரிவில் 130க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன; ஆனால் வழக்கமான சீசனில் ஓர் அணி ஆடுவது 12 ஆட்டங்கள்தான். எல்லோரும் எல்லோரோடும் மோதிப் பார்க்க வழியில்லை. அதனால் எது சிறந்த அணி என்பதை யாராவது உட்கார்ந்து முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது. 1936 முதல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் இதற்காக ஒரு வாக்கெடுப்பை நடத்திவருகிறது. இப்போது அறுபது பேர் அளவிலான விளையாட்டுச் செய்தியாளர்கள் வாரந்தோறும் ஆளுக்கு 25 அணிகளை வரிசைப்படுத்தி அனுப்புகிறார்கள். முதலிடத்துக்கு 25 புள்ளி, கடைசி இடத்துக்கு ஒன்று. 1950இல் இன்னொரு வழக்கமும் சேர்ந்துகொண்டது: ஓர் ஆட்டம்கூட நடப்பதற்கு முன், இப்போதெல்லாம் ஆகஸ்டிலேயே, முதல் வரிசை வெளிவருகிறது. கூடவே, இந்த ஆண்டு யார் சிறந்த குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்), யார் கனவு அணியில் இடம்பெறுவார் என்று ஆட்டக்காரர்களின் பட்டியல்களும் வரிசைகட்டி வருகின்றன. வந்த அன்றே ரசிகர்களிடையே சண்டை தொடங்கிவிடும். எங்கள் அணியைக் கீழே தள்ளிவிட்டார்கள், ஊடகங்களுக்கு எங்களைப் பிடிக்காது, தொலைக்காட்சிக்காரர்கள் பணம் போட்ட இடத்தில் பாசம் காட்டுகிறார்கள் என்பதுதான் ஆண்டுதோறும் எழும் குற்றச்சாட்டு.

ரசிகர்களின் வயிற்றெரிச்சல் என்று இதை ஒதுக்கிவிடுவது நியாயமல்ல. ஓரவஞ்சனை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ரசிகர்கள் அதைச் செய்தியாளரின் மனத்தில் தேடுகிறார்கள். அது குடியிருப்பது நடைமுறையில். வாக்களிப்பவர் யார், எந்த அணிக்கு எந்த இடம் கொடுத்தார் என்பதையெல்லாம் அசோசியேட்டட் பிரஸ் வெளிப்படையாகவே பிரசுரிக்கிறது. அறுபது பேர் கூடிச் சதி செய்திருந்தால் அந்த வாக்குகளிலேயே தடயம் தெரிந்திருக்கும். கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. ஆகஸ்ட் வரிசை ஓர் ஊகம். முதல் வாரம் முடிந்ததும் அதுவே அடித்தளமாகிவிடுகிறது. வென்ற அணி தன் இடத்தில் நிற்கும் அல்லது ஓரிரு படி ஏறும். தோற்ற அணி இறங்கும். மேலே இருப்பவர் தோற்றால்தான் கீழே இருப்பவருக்கு வழி. ஓட்டப் பந்தயத்தில் சிலரை மட்டும் இருபதடி முன்னால் நிறுத்திவிட்டு விசில் ஊதுவதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

2004ஆம் ஆண்டு இதை அப்பட்டமாகக் காட்டியது. ஆகஸ்ட் வரிசையில் தெற்குக் கலிஃபோர்னியா முதலிடம், ஓக்லஹோமா இரண்டாமிடம், அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் பதினேழாமிடம். இறுதி ஆட்டத்துக்கான தேர்வுவரை மூன்று அணிகளும் தோல்வியே காணவில்லை. அன்றைய முறைப்படி வாக்கெடுப்புகளையும் கணினிக் கணக்குகளையும் கலந்து இரண்டே அணிகளைத்தான் இறுதி ஆட்டத்துக்கு அழைப்பார்கள். முதலில் நின்ற இருவரும் தோற்கவே இல்லை. ஆகவே பதினேழிலிருந்து ஏறிவந்த ஆபர்னுக்குக் கதவு திறக்கவில்லை. இறுதி ஆட்டத்தில் ஓக்லஹோமா 55-19 என்று நொறுங்கியது. ஆபர்ன் வேறோர் ஆட்டத்தில் வர்ஜீனியா டெக்கை வென்று, 13 வெற்றி, தோல்வியே இல்லை (13-0) என்று சீசனை முடித்தது. ஆபர்ன் அணியில் ஆட்கள் சரியில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது: ரானி பிரவுன், கார்னெல் வில்லியம்ஸ், கார்லோஸ் ராஜர்ஸ், ஜேசன் கேம்ப்பெல் ஆகிய நால்வரை அடுத்த ஏப்ரலில் தொழில்முறை அணிகள் வீரர் தேர்வின் முதல் சுற்றிலேயே எடுத்துக்கொண்டன. அந்த சீசனோடு அசோசியேட்டட் பிரஸ், தன் வரிசையை இறுதி ஆட்டத் தேர்வுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லி விலகிக்கொண்டது. விலகியது சரிதான். ஆனால் ஆகஸ்ட் வரிசையை மட்டும் கைவிடவில்லை.

இந்த அடித்தளம் தன்னைத்தானே மெய்ப்பித்துக்கொள்வதுதான் எனக்கு மிகவும் கவலையளிக்கிறது. தென்கிழக்கு மாநிலங்களின் எஸ்.இ.சி. கூட்டமைப்பிலிருந்து எட்டு அணிகள் ஆகஸ்ட் வரிசையில் இடம்பெறுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அவை தங்களுக்குள் மோதும்போது வெல்கிற அணிக்கு ‘வரிசையில் இருந்த அணியை வீழ்த்தியது’ என்ற பெருமை. தோற்ற அணிக்கு ‘பலமான எதிரியிடம்தானே தோற்றது’ என்ற சலுகை. எதிரி பலமானது என்று யார் சொன்னது? ஆகஸ்ட் வரிசைதான். வெளியே இருக்கும் அணி எத்தனை பேரை வென்றாலும், ‘யாரை வென்றுவிட்டார்கள்?’ என்ற ஒரே கேள்வியில் எல்லாம் அடிபட்டுப் போகும். 2017இல் மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்கு நேர்ந்தது இதுதான். வரிசையிலேயே இல்லாமல் தொடங்கி, 12 ஆட்டங்களையும் வென்றது; அப்போது பட்டத்தைத் தீர்மானித்த நான்கு அணி பிளேஆஃபுக்கான தேர்வுக் குழு அதற்குக் கொடுத்தது பன்னிரண்டாம் இடம். ஆகஸ்டில் முதலிடத்தில் இருந்த அலபாமா, ஆபர்னிடம் தோற்று, கூட்டமைப்புக்குள் தன் பிரிவைக்கூட வெல்லாதபோதும் நான்காமிடம் பெற்று உள்ளே போனது. அதே ஆபர்னை 2018 புத்தாண்டு தினத்தில் மத்திய ஃபுளோரிடா 34-27 என்று வென்றது.

அலபாமா அந்த ஆண்டு பட்டத்தையே வென்றதே, அப்படியானால் தேர்வு சரிதானே என்று கேட்பார்கள். அலபாமா தகுதியான அணி என்பதை அது காட்டுகிறது. மத்திய ஃபுளோரிடாவுக்குத் தகுதியில்லை என்பதைக் காட்டவில்லை. களத்தில் இறக்காத அணியின் பலத்தை எப்படி அறிவது? இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஆகஸ்ட் வரிசை வெறும் ஊகமல்ல, பள்ளி மாணவர்களில் சிறந்தவர்களை யார் சேர்த்திருக்கிறார்கள் என்ற கணக்கின்மேல் நிற்கிறது, எஸ்.இ.சி. அணிகள் 2006 முதல் 2012 வரை தொடர்ந்து ஏழு பட்டங்களை வென்றவை என்பது அது. மறுக்க முடியாத வாதம்தான். திறமை ஒரே இடத்தில் குவிவது உண்மை. ஆனால் பொதுவாகச் சரியாக இருக்கும் கணிப்பு ஓர் அணிக்கு, ஓர் ஆண்டுக்குச் சரியாக இருக்க வேண்டியதில்லை. 2012இல் முதலிடத்தில் தொடங்கிய தெற்குக் கலிஃபோர்னியா 7-6 என்று முடித்து வரிசையைவிட்டே வெளியேறியது. 2024இல் பத்தாமிடத்தில் தொடங்கிய ஃபுளோரிடா ஸ்டேட் இரண்டே ஆட்டங்களை வென்றது. 2025இல் இருபதாமிடத்தில் தொடங்கிய இந்தியானா ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் தேசியப் பட்டத்தை எடுத்துச் சென்றது.

ஆட்டக்காரர்களின் பட்டியலில் இந்தக் குறை இன்னும் கூடுதல். அணிக்காவது சென்ற ஆண்டின் கணக்கு இருக்கிறது. பத்தொன்பது வயதுப் பையன் அடுத்த நான்கு மாதங்களில் என்னவாக வளர்வான் என்பதற்கு என்ன கணக்கு? 2025 கோடையில் எல்லோர் வாயிலும் இருந்த பெயர் டெக்சஸின் ஆர்ச் மேனிங். அதுவரை அவர் தொடக்க குவார்ட்டர்பேக்காக இறங்கியது இரண்டே ஆட்டங்களில். ஆனால் புகழ்பெற்ற குவார்ட்டர்பேக்குகளான பெய்ட்டன், ஈலை மேனிங் இருவரும் அவருடைய சித்தப்பாக்கள். முதல் ஆட்டத்திலேயே டெக்சஸ் 14-7 என்று ஒஹையோ ஸ்டேட்டிடம் தோற்றது. டிசம்பரில் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது, பள்ளி முடித்தபோது பெரிய கல்லூரிகள் தேடிவராத இந்தியானாவின் ஃபெர்னான்டோ மென்டோசாவுக்குப் போனது. குவார்ட்டர்பேக்காவது எல்லோர் கண்ணிலும் படுகிறவர். அவருக்கு முன்னால் சுவர்போல நின்று தடுக்கும் லைன்மேனின் உழைப்பைச் சொல்ல வழக்கமான புள்ளிவிவரங்களில் எண்கள் அரிது. அவரை வரிசைப்படுத்துபவர்கள் பெரும்பாலும் அணியின் பெயரைப் பார்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

தொலைக்காட்சிப் பணத்தைப் பற்றிய சந்தேகத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். எஸ்.இ.சி.யின் பெயரிலான அலைவரிசையை நடத்துவது விளையாட்டுத் தொலைக்காட்சி நிறுவனமான ஈ.எஸ்.பி.என்.; பிளேஆஃப் ஒளிபரப்பு உரிமையும் அதனிடமே. பிக் டென் கூட்டமைப்பின் அலைவரிசையில் பெரும்பங்கு ஃபாக்ஸ் நிறுவனத்துடையது. 2023இல் தேர்வு நேரத்தில் 13-0 என்று இருந்த ஃபுளோரிடா ஸ்டேட்டை, குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் காயமடைந்ததைச் சொல்லித் தேர்வுக் குழு ஒதுக்கி அலபாமாவை எடுத்தபோது, இந்தச் சந்தேகம் கொதித்தெழுந்தது. அந்த முடிவை ஆகஸ்ட் வரிசையின் தலையில் கட்ட முடியாது. ஃபுளோரிடா ஸ்டேட்டே எட்டாமிடத்தில் தொடங்கிய அணிதான். என்றாலும் பணம் யாரையும் கூப்பிட்டுக் கட்டளையிட வேண்டியதில்லை. எந்த ஆட்டம் நல்ல நேரத்தில் காட்டப்படுகிறது, எந்தப் பெயர் நாளெல்லாம் பேசப்படுகிறது என்பதே போதும். பசிபிக் கரையில் இரவு 7:30க்குத் தொடங்கும் ஆட்டம் நியூயார்க்கில் இரவு 10:30க்குத் தொடங்குகிறது. அதைக் கடைசிவரை விழித்திருந்து பார்த்த வாக்காளர்கள் எத்தனை பேர்?

2024 முதல் பிளேஆஃபில் 12 அணிகள் ஆடுகின்றன, இனி ஆகஸ்ட் வரிசையால் யாருக்கும் கேடில்லை என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். கேடு குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. இரண்டாமிடத்துக்கு நடந்த தகராறு இப்போது பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடக்கிறது. அங்கேதான் ஒன்றிரண்டு ஆட்டங்களில் தோற்ற அணிகளை ஒப்பிட வேண்டியிருக்கிறது. ‘பலமான எதிரி’ என்ற பழைய சலுகை அங்கேதான் அதிகம் செல்லுபடியாகிறது. தேர்வுக் குழு தன் முதல் வரிசையைச் சீசன் பாதி கடந்த பிறகே வெளியிடுகிறது. செய்தியாளர்களும் அப்படிச் செய்யலாம். அதனால் கோடைகாலப் பேச்சு நின்றுவிடாது. கணிப்புக் கட்டுரைகளும் சிறப்பிதழ்களும் தாராளமாக வரட்டும், அவற்றுக்கு அதிகாரபூர்வ எண் மட்டும் வேண்டாம். இது புதுமையும் அல்ல. 1936இல் அசோசியேட்டட் பிரஸ் நடத்திய முதல் வாக்கெடுப்பு, அணிகள் சில வாரங்கள் ஆடி முடித்த பிறகு அக்டோபரில்தான் வெளிவந்தது. அந்த வாக்கெடுப்பின் முதல் பட்டத்தை மினசோட்டா அப்படித்தான் பெற்றது.