புசா ரோட்டை அடுத்த காடு

புசா ரோட்டிற்கு வரும் வாசகர்கள், அருகிலேயே ஏறத்தாழ 864 ஹெக்டேர் காடு உள்ளதைக் கவனித்திருப்பர். ஆரவல்லித் தொடரின் வடகோடியைச் சேர்ந்த மத்திய ரிட்ஜ் அது. பசுமை கண்டு மகிழ்கிறோம். ஆயினும் அங்கு மண்டியிருப்பது, நம் ஊர்க் கண்மாய்களை அடைத்த அதே சீமைக் கருவேலம்தான்! ஆங்கிலேயர் காலத்தில் நடப்பட்ட இந்த அமெரிக்க மரம், பாறைமேல் படிந்த மெல்லிய மண்ணிலும் ஆழ வேரோடும். அதன் அடர்நிழலிலும் சருகிலும் வெள்வேலம், புரசு முதலிய நாட்டு மரக்கன்றுகள் தழைப்பது அரிது. அனைத்தையும் ஒருசேர வெட்டினால் மண் அரித்துப் போகும். எனவே கிளைகளைக் கழித்து, ஒளியை உள்ளே விட்டு, அடியில் நாட்டு மரங்களை வளர்க்கும் முறையைத் தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபு முன்வைத்தார். மெதுவான வழிதான், கன்றுகள் உயரும்வரை பழைய மரமே மண்ணைக் காத்து நிற்கும்.