லினக்ஸ் கழகம் நிலைபெற

1991-ஆம் ஆண்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் எழுதிவந்த லினக்ஸை மறைத்து வைத்தாரில்லை, பிறர் கருத்தைக் கேட்டார், மூலநிரலையும் வெளியிட்டார். பல்கலைக்கழகத்தில் லினக்ஸ் கழகம் நடத்துவோர்க்கும் அதுவே நெறியாகும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. அதற்கடுத்த பதிப்பை ஏற்கவியலாத கணினிகளுக்கு மறுவாழ்வு தரும் நிறுவல் நாளொன்றை முதலில் குறியுங்கள். கணினித் துறையாரை மட்டுமன்றி, இலக்கியமும் வரலாறும் பயில்வோரையும் அழையுங்கள். கோப்புகளைப் படியெடுத்த பின்னரே பணியைத் தொடங்குங்கள்; விசைப்பலகை உரியவர் கையிலேயே இருக்கட்டும். செய்து பழகியதன்றோ மனத்தில் நிற்கும்? அடுத்த வாரமே ஐயந்தீர்க்கும் கூட்டம் ஒன்று வேண்டும். இல்லையேல் வந்தவர் மீண்டும் வாரார். ஒவ்வொரு பணியிலும் இறுதியாண்டு மாணவரோடு முதலாண்டு மாணவர் ஒருவரை இணையுங்கள். மூத்தோர் விடைபெற்ற பின்னும் கழகம் நிலைத்து நிற்கும்.