கதிர் விழுந்த இடத்தைக் காட்டும் கண்ணாடி நூல்!

துறைமுகத்தில் வரிசையாக லாரிகள் வருகின்றன. அணுகுண்டு செய்ய உதவும் புளூட்டோனியத்தை அவற்றில் ஒன்றில் யாரோ ஒளித்து வைத்திருந்தால்? பெட்டியைத் திறக்காமலே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். அதற்கு ஒரு கண்ணாடி நூல் உதவுகிறது!

புளூட்டோனியத்தில் இருந்து காமா கதிரும் நியூட்ரான் என்ற நுண்துகளும் ஓயாமல் வெளிவருகின்றன. காமா கதிரைக் கனத்த ஈயப் பெட்டி தடுத்துவிடும். நியூட்ரானோ ஈயத்தையும் கடந்து வந்துவிடும். அதைப் பிடித்தால் கடத்தலையும் பிடிக்கலாம்.

நூல் தயாராகும் விதம்

அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்தில், ரிச்லேண்ட் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள பசிபிக் வடமேற்கு தேசிய ஆய்வுக்கூடத்தின் விஞ்ஞானிகள் 1990-களில் இந்த நூலை உருவாக்கினார்கள். லித்தியமும் சீரியமும் கலந்த கண்ணாடியை உருக்கி, தலைமுடி போல மெல்லிய இழையாக இழுத்தார்கள்.

வேகமாக வரும் நியூட்ரான் இழையைத் தாண்டிப் போய்விடும். ஆகவே பக்கத்தில் பிளாஸ்டிக் பாளங்களை வைக்கிறார்கள். அதில் மோதி மோதி நியூட்ரானின் வேகம் தணிகிறது. பிறகு லித்தியம் அணு அதை விழுங்கி, இரண்டாக உடைகிறது. உடைந்த துண்டுகளின் சக்தியால் சீரியம் நீல ஒளியைச் சிந்துகிறது.

எங்கே விழுந்தது?

குழாயில் தண்ணீர் ஓடுவது போல, ஒளி இழைக்குள்ளேயே இரு முனைகளுக்கும் ஓடுகிறது. அங்கே ஒளியை மின்சாரமாக மாற்றும் கருவிகள் காத்திருக்கின்றன.

நியூட்ரான் நடுவில் விழுந்தால் ஒளி இரு முனைகளுக்கும் ஒரே நேரத்தில் சேரும். ஒரு பக்கமாக விழுந்தால், அருகில் உள்ள முனைக்கு முதலில் சேரும். அங்கே பிரகாசமும் அதிகம். நேர வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? நடுவில் இருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி விழுந்தால், ஒரு வினாடியில் சுமார் 100 கோடியில் ஒரு பங்கு! அதையும் அளக்கும் கருவிகள் உண்டு.

இழைகளை வலை போலக் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால், விழுந்த இடம் இன்னும் சரியாகத் தெரியும்.

கண்ணால் எண்ணிய காலம்

1909-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில், ரூதர்போர்டின் உதவியாளர்களான கைகரும் மார்ஸ்டனும் இருட்டறையில் அமர்ந்து, இத்தகைய ஒளிப் பொட்டுகளைக் கண்ணாலேயே எண்ணினார்கள். அந்த வேலையை இன்று கருவி செய்கிறது.

குறையும் உண்டு. காமா கதிர் பட்டாலும் இந்த நூல் ஒளிவிடும். எது நியூட்ரான், எது காமா என்று பிரித்தறிய வேண்டும். தவறினால் நல்ல சரக்கும் நிறுத்தப்படும். அல்லது கள்ளச் சரக்கு தப்பிவிடும்!