மூன்று பச்சை விளக்குகள்

விமானத்தின் பெரும் உறுப்புகளுள் பறத்தலுக்குச் சற்றும் உதவாத ஒன்று அதன் சக்கரத் தொகுதியாகும். ஓடுபாதையை விட்டு எழுந்த கணத்திலிருந்து அது காற்றைத் தடுக்கும் வெறும் சுமையாகி விடுவதால், வேகமாகப் பறக்கும் விமானங்கள் அனைத்திலும் அதனை மடித்து உள்ளே இழுத்துக்கொண்டு, தரையிறங்கும் வேளையில் மீண்டும் வெளியே நீட்டும் ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. தொழிலதிபர்களும் அரசியல் தலைவர்களும் பயன்படுத்தும் சிறிய ஜெட் விமானங்களில் மூக்குப் பகுதியில் ஒன்றும் இறக்கைகளின் அடியில் இரண்டுமாக மூன்று கால்கள் இருக்கும். பெரும்பாலும் ஹைட்ராலிக் முறை, அதாவது அழுத்தமேற்றப்பட்ட எண்ணெயின் வழியே விசையைக் கடத்தும் முறை, இவற்றை இயக்குகிறது. அது பழுதானால், கொக்கிகளை விடுவித்துக் கால்களைத் தம் எடையாலேயே விழச்செய்வதும், சில விமானங்களில் உருளையில் அடைத்துவைத்த நைட்ரஜன் வாயுவால் அவற்றைத் தள்ளி இறக்குவதும் மாற்று வழிகளாகும்.

இவ்வளவு ஏற்பாடுகளுக்குப் பின்னும் ஒரு குறை எஞ்சுகிறது. தாழ்ந்த இறக்கை கொண்ட ஜெட்டில் விமானி தம் இருக்கையிலிருந்து சக்கரங்களைக் காண இயலாது. ஒவ்வொரு காலும் முழுமையாக நீண்டு பூட்டிக்கொண்டதும் சிறு மின்விசை ஒன்று அழுந்தி, அவர் முன்னே ஒரு பச்சை விளக்கை எரியச் செய்கிறது. மூன்று கால்களுக்கு மூன்று விளக்குகள். எனவே ஒரு விளக்கு எரியாதபோது பழுது காலிலா, விளக்கிலா, இடையிலுள்ள மின்விசையிலா என்ற ஐயம் எழுகிறது. சக்கரக் கோளாறுகளின் வரலாற்றில் சக்கரத்தின் பழுதைவிட இந்த ஐயமே மிகுதியான கேட்டை விளைவித்திருக்கிறது எனக் கூறினும் தவறாகாது.

ஐயத்திற்கு இடமில்லாமல் போன நிகழ்வு ஒன்று இந்தியாவிலேயே உண்டு. 2021 மே 6 அன்று பாக்டோக்ராவிலிருந்து நோயாளி ஒருவரை மும்பைக்குக் கொண்டுசென்ற பீச்கிராஃப்ட் கிங் ஏர் வகை ஆம்புலன்ஸ் விமானம், நாக்பூரில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு மீண்டும் எழும்பியபோது அதன் சக்கரம் ஒன்று கழன்று விழுந்தது. அது ஜெட் அன்று, சுழல்விசிறி கொண்ட சிறு விமானம். ஆயினும் சக்கரத்தைப் பொறுத்தவரை இரண்டின் நிலையும் ஒன்றே. சக்கரம் விழுந்ததைக் கண்டு தெரிவித்தவர் நிலையத்தில் பணியிலிருந்த மத்தியத் தொழில் பாதுகாப்புப் படைக் காவலர் ஆவார். பரந்தூரில் சென்னைக்கான இரண்டாவது விமான நிலையம் அமையும் என 2022இல் அறிவிக்கப்பட்டது முதல் பேச்சு முழுவதும் நிலத்தையும் ஓடுபாதையையும் பற்றியதாகவே இருக்கிறது; ஓடுபாதையின் ஓரத்தில் விழிப்போடு நிற்கும் ஒரு மனிதரும் விமான நிலையத்தின் பகுதியே என்பதை நாக்பூர் காட்டியது.

செய்தி கிடைத்தபின் விமானி செய்தது முதற்பார்வைக்கு விந்தையாகத் தோன்றும். எஞ்சிய சக்கரங்களை நம்பி இறங்காமல், கால்கள் அனைத்தையும் உள்ளேயே வைத்துக்கொண்டு, நுரை தெளிக்கப்பட்ட மும்பை ஓடுபாதையில் விமானத்தின் அடிவயிறு உராய அவர் தரையிறக்கினார். உள்ளே இருந்த ஐவரும் பிழைத்தனர். ஒருபுறம் மட்டும் கால் ஊன்றிய விமானம் மறுபுற இறக்கை தரையில் இழுபட ஓடுபாதையை விட்டுத் திரும்பிவிடும். முழு அடிவயிறும் படியும்போது அது ஏறத்தாழ நேராகவே சறுக்குகிறது. அமெரிக்காவின் ஸ்காட்ஸ்டேலில் 2025 பிப்ரவரி 10 அன்று ஒரு லியர்ஜெட் 35ஏ இறங்கியபோது அதன் இடப்புற முதன்மைக் கால் செயலிழக்க, விமானம் பாதையிலிருந்து விலகி, நிறுத்தி வைக்கப்பட்டிருந்த கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட்டின் மீது மோதியதில் விமானி உயிரிழந்தார். (நுரையின் பயன் பலரும் எண்ணுமளவுக்கு உறுதியானதன்று, அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1966இல் அளித்திருந்த நுரைப் பரிந்துரையை 1987இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.)

தமிழ்நாட்டினர் நினைவில் நிற்கும் நிகழ்வு திருச்சியில் நேர்ந்தது. 2024 அக்டோபர் 11 அன்று மாலை 141 பயணிகளுடன் ஷார்ஜாவுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737 விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு தென்பட்டதால், அது இரண்டரை மணி நேரம் வானிலேயே வட்டமிட்டுவிட்டு இரவு எட்டேகால் மணியளவில் வழக்கம்போலச் சக்கரங்களின் மீதே இறங்கியது. அவ்வட்டங்களுக்குக் காரணம் எடை. 737–800 வகை விமானம் சுமார் 79 டன் எடையோடு எழும்பலாம், ஆனால் சுமார் 66 டன்னுக்கு மேல் இறங்குதல் வழக்கமான வரம்பை மீறியதாகும். எரிபொருளை வானில் வெளியேற்றும் வசதி அவ்வகைக்கு இல்லாமையால் அதனை எரித்தே தீர்க்க வேண்டும். தரையில் ஆம்புலன்ஸ்களும் தீயணைப்பு வண்டிகளும் அணிவகுக்க, தொலைக்காட்சிகள் பதற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த நேரத்தில், விமானிகளுக்கு அந்த வட்டங்கள் கணக்கிட்டுச் செய்த வேலையாகவே இருந்தன.

கணக்கு கைநழுவினால் அதே வட்டங்கள் என்னவாகும் என்பதற்கு போர்ட்லாந்து சான்றாகும். 1978 டிசம்பர் 28 அன்று, டென்வரிலிருந்து 189 பேருடன் வந்த யுனைடெட் நிறுவனத்தின் டிசி–8 விமானத்தில், இறக்குவதற்காக வெளியே விடப்பட்ட வலப்புறக் கால், அதனைத் தாங்கிய உருளையின் தண்டு அரிப்பால் முறிந்திருந்தமையால் பேரோசையுடன் விழுந்தது. அதன் பச்சை விளக்கு எரியவில்லை. பழுதை ஆராய்வதிலும் பயணிகளை ஆயத்தப்படுத்துவதிலும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழிந்தது. எரிபொருள் குறைவதை விமானப் பொறியாளர் சொல்லியும் அதன் அவசரம் தலைமை விமானியின் மனத்தில் பதியவில்லை. இயந்திரங்கள் ஒவ்வொன்றாக அணைந்து, நிலையத்துக்குச் சுமார் பத்து கிலோமீட்டர் தொலைவில் விமானம் விழுந்ததில் பத்துப் பேர் மாண்டனர். கீழ்நிலையிலுள்ளவர் தயங்காமல் பேசவும் மேல்நிலையிலுள்ளவர் செவிகொடுக்கவும் விமானக் குழுவினருக்கு இன்று அளிக்கப்படும் பயிற்சி இவ்விபத்துக்குப் பின்னரே வேரூன்றியது. விசாரணையில் வெளிப்பட்ட இன்னொரு செய்தியும் உண்டு: கால் விழுந்த வேகத்தில் சிதைந்தது விளக்கை இயக்கும் மின்விசை மட்டுமே, வலப்புறச் சக்கரம் அந்த ஒரு மணி நேரமும் முழுமையாக இறங்கிப் பூட்டிக்கொண்டுதான் இருந்தது.

(தொடரும்)